கட்டத்தில் முதல் பொட்டு

காலடிப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மூலையில் கம்ப்யூட்டர் போட்டு, வருகிறவர்களுக்கு டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தட்டித் தட்டிப் படிந்ததுதான். "தப்பாத் தட்டுனா இன்னா, வெடிச்சிடவா போவுது?" என்று கடைக்கார அக்கா தைரியம் சொல்வார். அப்படித் தட்டியதில் கைவந்த வித்தைகளில் ஒன்று, எக்செலில் ஒரே கட்டத்துக்குள் பல வரிகளை அடுக்குவது. என்டரை மட்டும் தட்டினால் அடுத்த கட்டத்துக்கு ஓடிவிடும். ஆல்ட்டை அழுத்திக்கொண்டு தட்டினால் அதே கட்டத்துக்குள் கீழே இறங்கும். ஆல்ட்டோடு வலப்பக்க எண்களில் ஏழைத் தட்டினால் வரிக்கு முன்னால் கறுப்பாக ஒரு புள்ளி விழும். எங்கள் பக்கத்து ஆட்கள் அதைப் பொட்டு என்பார்கள்.

திருவொற்றியூரில் ஒரு பெரிய தொழிற்சாலை கேட்டைப் பூட்டிய வருடம் அந்தப் பொட்டுக்கு ஏகப்பட்ட வேலை வந்தது. வேலை போனவர்கள் கும்பலாகக் கடைக்கு வந்தார்கள். எண்ணூர்ப் பக்கம் ஆள் எடுக்கிற காண்ட்ராக்டர் ஒருவர், எல்லாரையும் ஒரே கோப்பில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஆளுக்கு ஒரு வரிசை. பேர், வயது, தெரிந்த வேலை. எத்தனை வேலை தெரிந்தாலும் ஒரே கட்டத்துக்குள் அடக்க வேண்டும்.

ஒருவர்கூடத் தன் வேலையைத் தன் வாயால் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர்தான் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, கிரேன் ஓட்டிய அண்ணன் ஒருவர், "தன் முதுக தானே தட்டிக்க முடியுமா தங்கச்சி? அதுக்குத்தான் தோஸ்து கீறான்" என்றார். தொழிற்சாலைக்குள்ளும் அதுதான் வழக்கமாம்.

அந்தக் கிரேன்காரரின் தோஸ்து கடைப்படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். அவர் முறை வந்ததும் கிரேன்காரர் முந்திக்கொண்டார்.

"எயுதிக்கோ. டேங்க் கிளீனிங். கெமிக்கல் டேங்குக்குள்ள இவன மாதிரி எறங்குறவன் எண்ணூரு வரிக்கும் கெடியாது. மத்தவன் மூக்கப் பொத்திகினு நிப்பான், இவன் பாட்டு பாடிகினே எறங்குவான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஒல்லி அண்ணனும் சிரித்துக்கொண்டே, "பாட்டு இன்னா பாட்டு. மூச்சு கீதா இல்லியான்னு மேல கயிறு புடிக்கிறவனுக்குத் தெரியணும்ல நைனா, அதுக்குக் கத்துவேன்" என்றார்.

டேங்குக்குக் கீழே வால்வு, பம்ப், பைப் என்று மற்ற பொட்டுகளும் விழுந்தன. கும்பல் டீ குடிக்கப் போனபோது அவர் மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"யம்மா, அந்த டேங்க கடசீல தள்ளிடு. இனிமே எறங்கினா அவ்ளோதான்னுட்டாரு டாக்டரு. நெஞ்சு சல்லடையா கீதாம். வால்வு வேல நல்லாத் தெரியும், அத்த மேல வையி."

வெட்டிக் கடைசியில் ஒட்டினேன். டீ கிளாஸோடு திரும்பிய கிரேன்காரர் திரையைப் பார்த்துவிட்டார்.

"டாய், வால்வு பாக்கத் தெருவுக்குப் பத்து பேரு கீறான். டேங்குன்னாதான் உன்ன எடுப்பான். மொதல்ல உள்ள பூந்துக்க, அப்பால வால்வு வேல கேட்டு வாங்கிக்க. வூட்ல அடுப்பு எரிஞ்சி எத்தினி நாளாச்சி, சொல்லு."

ஒல்லி அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, மேலயே போடு யம்மா" என்றார்.

ஃபிளாப்பியில் கொண்டுபோனார்கள். காண்ட்ராக்டரின் ஆபீசில் எல்லாப் பேரும் ஒரே தாளில் வர வேண்டும் என்று ஒவ்வொரு வரிசையின் உயரத்தையும் ஒரு வரி அளவுக்குக் குறுக்கியிருக்கிறார்கள். கிரேன்காரர் பிறகு அந்தத் தாளின் ஜெராக்ஸைக் கொண்டுவந்து காட்டினார். ஆளுக்கு ஒரே பொட்டு, முதலாவது மட்டும். மற்றவை கோப்பில் அப்படியேதான் இருக்கும், தாளில்தான் இல்லை.

அந்தக் கும்பலில் ஒரே ஒருவரைத்தான் எடுத்தார்கள். டேங்க் கிளீனிங்.

அதற்குப் பிறகு ஒல்லி அண்ணன் கடைப்பக்கம் வரும்போதெல்லாம் இருமல்தான் முதலில் வரும், ஆள் பின்னால் வருவார். "வால்வு வேல கேட்டேன் யம்மா. பேப்பர எடுத்துக் காட்றாரு. எங்கய்யா இதுல வால்வு கீதுன்றாரு" என்றார் ஒருநாள். டேங்க் வரியையே எடுத்துவிட்டு, வால்வை முதலில் வைத்து, எல்லா வரியும் தெரிகிற மாதிரி கட்டத்தை விரித்து அச்செடுத்துக் கொடுத்தேன். நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

காண்ட்ராக்டர் கோபப்படவில்லையாம். நிதானமாகப் படித்துவிட்டு, "வால்வுக்கு ஆள் தேவைப்பட்டா சொல்லி அனுப்புறேன், அது வரைக்கும் வூட்ல இருக்கியா?" என்று கேட்டிருக்கிறார். அது வரைக்கும் வீட்டில் இருக்க அவரால் முடியவில்லை. மறுபடி இறங்கினார்.

மழைக்காலத்தில் ஒரு காலை, கீழே பாட்டு நின்றுவிட்டது. களைத்திருப்பார் என்று மேலே கயிறு பிடித்தவன் கொஞ்சம் பார்த்திருக்கிறான். பிறகு இழுத்திருக்கிறான். கயிறு கனமாக வந்ததாம். அன்றைக்குக் கும்பலோடு வந்திருந்த பைப் ஃபிட்டர் ஒருவர்தான் கடைக்கு வந்து இதைச் சொன்னார். கடைக்கார அக்கா ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டார். அன்றைக்குக் கடையில் வேறு வேலை நடக்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு கிரேன்காரர் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"என் வரிசைய எடு தங்கச்சி."

எடுத்தேன். முதல் பொட்டு கிரேன்.

"அத்த கீய எறக்கு. மேல டேங்க் கிளீனிங்ன்னு ஒரு பொட்டு வையி."

"அண்ணே, நீங்க எப்ப எறங்கினீங்க?"

"எறங்கல. கம்பெனில அவன் எறங்கறத கிரேன் மேலருந்து பாத்துகினு இருந்தேன்." குனிந்து தரையைப் பார்த்தார். "கிரேனுக்கு எவனும் கூப்புடல. காண்ட்ராக்டரு இன்னும் ஆளு தேடிகினு கீறாரு. எடம் காலியாத்தான கீது."

தோஸ்து சொல்ல வேண்டியதை அவர் தன் வாயாலேயே சொன்னார். என் இடது கை ஆல்ட்டில் இருந்தது. ஏழின் மேல் விரல் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"உங்களுக்குப் பாட வருமா அண்ணே?"

"கத்துக்கறேன்," என்றார். "நீ போடு."