கணக்கு சயின்ஸா, இல்லையா?

பயாலஜி லேப் முடிந்து வந்தால் துப்பட்டாவில் ஃபார்மலின் நெடி ஒட்டிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கோ பெருமை தாங்காது... டாக்டர் வாசனை என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போது மைசூரு அக்ரஹாரத்தில் எங்கள் வாடகை வீடு. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. நான் பி.யூ.சி. இரண்டாம் வருடம், அதாவது அங்கத்திய பிளஸ் டூ. பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ், பயாலஜி நான்கும் உண்டு. தமிழ் வீட்டுப் பெண்ணுக்கு இங்கிலீஷ் போக மொழிப் பாடம் சமஸ்கிருதம்! விடையைக் கன்னடத்திலோ இங்கிலீஷிலோ எழுதலாம், மார்க் கொட்டும் என்பதால் பாதி கிளாஸ் அதில்தான் இருந்தது. இன்று ஒரு ஸ்லோகம்கூட நினைவில் இல்லை.

எனக்கு டாக்டராக வேண்டும். வேறு ஆசையே கிடையாது.

ஆனால் கைவந்தது என்னவோ கணக்குதான். பயாலஜி ரெக்கார்டில் நான் வரைந்த இதயத்தைப் பார்த்து லெக்சரர், இது உருளைக்கிழங்கா என்று கேட்டார். பயந்துபோய் அப்பாவிடம் வந்தேன்.

"மெடிக்கலுக்கு எதெல்லாம்பா சேர்ப்பாங்க?"

"லாங்வேஜ் ரெண்டையும் விட்டுடுவாங்க. மிச்சம் நாலும் சயின்ஸ் தானேம்மா? மேத்ஸ்ல தூக்கிடு. பயாலஜில கொஞ்சம் கொறஞ்சாலும் பரவால்ல."

அப்பா சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு இல்லை. கணக்கிலேயே விழுந்து கிடந்தேன். வேறு யாரையாவது கேட்டிருக்கலாம். மெடிக்கல் அட்மிஷனுக்கு வாங்கிய விவரப் புத்தகத்தையாவது புரட்டியிருக்கலாம். அதை பிரவுன் அட்டை போட்டு பீரோவில் பத்திரமாக வைத்திருந்தோம்... படிக்கத்தான் இல்லை.

ரிசல்ட் வந்தது. மேத்ஸில் தொண்ணூற்றெட்டு, பயாலஜியில் எழுபத்தொன்று. நுழைவுத் தேர்விலும் இதே கதை. அப்பா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்கையும் கூட்டி, நாலால் வகுத்து, பால்காரர் முதல் கோவில் அர்ச்சகர் வரை எல்லோரிடமும் காட்டிவிட்டார்.

பிறகு ரேங்க் வந்தது. ஒன்றல்ல, இரண்டு! இஞ்சினியரிங்குக்கு அருமையான ரேங்க். மெடிக்கல் ரேங்கைப் படிக்கவே மூச்சு வாங்கியது. ஒரே பெண்ணுக்கு எப்படி இரண்டு ரேங்க்? எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

அட்மிஷன் கவுன்ட்டரில் அப்பா அந்தக் காலண்டர் தாளை நீட்டினார். உள்ளே இருந்த அம்மாள் பொறுமையாகத்தான் சொன்னார்.

"மெடிக்கல்கே மேத்ஸ் சேரல்ல சார். பி.சி.பி. மாத்ர." பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மட்டும்தானாம்.

"மேத்ஸ் சயின்ஸ் இல்லையா?" என்று அப்பா இரண்டு தடவை கேட்டார், முதலில் தமிழில், பிறகு கன்னடத்தில். அந்த அம்மாள் விவரப் புத்தகத்தில் ஒரு பக்கத்தைக் காட்டினார். அந்தப் பக்கம் எங்கள் பீரோவிலும் இருந்தது.

அப்பா காலண்டர் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. இஞ்சினியரிங் சேர்ந்தேன். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தத் தாளைப் பற்றிப் பேசியதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அனன்யா வந்தாள். என் தங்கை மகள், அமெரிக்காவில் வளர்ந்தவள். அங்கே மெடிக்கல் அப்ளிகேஷனில், காலேஜில் படித்த ஒவ்வொரு பாடத்தையும் நாமே வகை பிரிக்க வேண்டுமாம். பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், மேத்ஸ்... இந்த நான்கின் கிரேடு தனியாக 'சயின்ஸ்' கணக்கில் போகும். சைக்காலஜி அதில் சேராது. ஆனால் இவள் ஸ்டாடிஸ்டிக்ஸ் படித்ததே சைக்காலஜி டிபார்ட்மெண்டில்!

"பெரிம்மா, இத நான் எங்க போடணும்?"

எனக்குத் தலை சுற்றியது. இந்த வகை பிரிக்கும் சமாசாரம் எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமலே சொன்னார்.

"எந்த டிபார்ட்மெண்ட்ல நடத்தினா என்னம்மா? உள்ள இருக்கறது கணக்குன்னா கணக்குல போடு."

அனன்யா விதிமுறையைத் தேடிப் படித்தாள். அதுவும் அதையேதான் சொன்னது. டிபார்ட்மெண்ட் பெயர் முக்கியமில்லை, பாடத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியமாம்.

"மேத்ஸ்ல போட்டா சயின்ஸ்ல வந்துடும் தாத்தா!"

பேப்பர் மெல்ல இறங்கியது. "ஹௌதா?" என்றார். ஆச்சரியம் வந்தால் அப்பாவுக்குக் கன்னடம்தான் வரும். "அங்க மேத்ஸ் சயின்ஸா?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்ப உன்னோட தொண்ணூத்தெட்ட அங்க சேர்த்திருப்பாங்க."

அந்த மார்க்கை நான் மட்டும்தான் சுமந்துகொண்டிருக்கிறேன் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்... அன்று மைசூரில் சயின்ஸாக இல்லாத கணக்கு, இன்று கடல் தாண்டினால் சயின்ஸ் ஆகிவிடுகிறது. இதில் எது சரி? உங்களில் யாருக்காவது புரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

"சேர்த்திருப்பாங்கப்பா. நீங்க போட்ட கணக்கு தப்பில்ல."

"இங்க தப்பு தானேம்மா?" அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "அந்தப் புக்க நான் ஒரு தடவையாவது படிச்சிருக்கணும்."

"நானும்தான் படிக்கலையேப்பா" என்றேன்.