மூன்று மணியடியும் ஒரு சட்டி மொய்ங்காவும்

ரங்கூனில் பிறந்தநாள் என்றால் பிறந்தவர்தான் மற்றவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும். தமிழர் வீடானாலும் பர்மியர் வீடானாலும் அதுதான் வழக்கம். என் மனைவி இதில் ஒருபடி மேலே. நண்பகலுக்குள் வெளியாள் ஒருவராவது அவள் சமைத்ததைச் சாப்பிட வேண்டும். அதுவரை அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். திருமணமானது முதல் எழுதிவரும் என் டைரிகளில் அது ஒரு வருடமும் தவறியதில்லை.

இந்த முறை மகள் எங்களைக் கிரேக்க நாட்டுக்கு அழைத்துப்போய், கேப்டனோடு ஒரு பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்திருந்தாள். மனைவியின் பிறந்தநாளன்று காலை 9.40க்கு ஒரு குட்டித் தீவில் படகைக் கட்டினோம். துறையில் மூன்று பூனைகள் இருந்தன. மனிதர் ஒருவரும் இல்லை. சீசன் முடிந்து கடைகளைப் பூட்டிவிட்டார்கள். ரங்கூனின் போட்டாதாங் படகுத்துறையில் இடி வாங்காமல் ஓரடி நடக்க முடியாத எங்களுக்கு, இப்படி ஒரு துறையா என்று சிரிப்பு வந்தது. என் மனைவிக்கு வரவில்லை.

படகின் அடுப்பில் பெரிய சட்டி நிறைய மொய்ங்கா, எங்கள் பர்மா மீன்குழம்புச் சேமியா, கொதித்துக்கொண்டிருந்தது. மீன் நேற்று வாங்கியது, வறுத்த அரிசி மாவு ரங்கூன் லத்தா கடைத்தெருவிலிருந்து வந்தது, குழம்பில் போட அரிசிச் சேமியாவுக்குப் பதில் ஸ்பகெட்டி.

"கேப்டனுக்குப் போட்டு முடிச்சுடேன்மா," என்றாள் மகள்.

"அவருக்கு மீன் ஆகாதாம். கடல்ல பொழைக்கிற மனுஷன், மீன் ஆகாதாம்!"

"பூனைக்குப் போடேன்," என்றேன்.

"போட்டா, அதுங்க பக்கத்துலதான் உங்களுக்கும் இலை."

11.25 ஆகியும் யாரும் வரவில்லை. அவள் கண் கலங்கிவிட்டது. "சாமிகிட்டயாவது சொல்லிட்டு வரேன்," என்று மேட்டிலிருந்த வெள்ளை சர்ச்சுக்கு ஏறினாள், நானும் மகளும் பின்னாலேயே போனோம். கதவு பூட்டியிருந்தது. வெளியே ஒரு மணி, அதில் ஒரு கயிறு. எங்கள் ஊர்ப் புத்த பகோடாக்களில் கும்பிட்டதும் மூன்று முறை மணியடிப்போம். அவளும் கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி, மூன்று முறை அடித்தாள்.

மேட்டுக்குப் பின்னாலிருந்த வீடுகளின் சன்னல்கள் படபடவென்று திறந்தன. கையெல்லாம் மாவோடு ஒரு அம்மாள் ஓடிவந்தார். ஒரு கிழவர் ஒற்றைச் செருப்போடு வந்தார். எங்கிருந்துதான் முளைத்தார்களோ, பதினோரு பேர்! கடைசியாக, ஈரத் தாடி சொட்டச் சொட்ட, அங்கியில் பொத்தான் போட்டபடியே பாதிரியார். கேப்டன் துறையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து மகளிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"அம்மா! இப்படி அடிச்சா சாவு மணியாம். யாரு செத்ததுன்னு கேக்கறாங்க!"

"யாரும் சாகல, நான் பொறந்தேன்னு சொல்லுடி!"

மகள் கேப்டனுக்குச் சொல்ல, கேப்டன் அவர்களுக்குச் சொன்னார். பாதிரியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் கீழே துறையிலிருந்த பூனைகள்கூட ஓடின. சட்டியை மேலே தூக்கிவந்தோம். முதல் கிண்ணம் பாதிரியாருக்கு. அவர் வாயில் வைத்தபோது மணி 11.51, மகளையும் சாட்சிக்கு வைத்துக் குறித்துக்கொண்டேன். அவர் மூன்று கிண்ணம் சாப்பிட்டார்.

"இப்போ எனக்குப் போடுங்க," என்றாள் மனைவி. கரண்டி சட்டியின் அடியில் உரசியது. ஒரு துளி மிச்சமில்லை.

மாவுக்கை அம்மாள் சட்டியை எட்டிப் பார்த்தார், வீட்டுக்கு ஓடினார், சுடச்சுட ரொட்டியும் ஆலிவ் எண்ணெயுமாகத் திரும்பினார். ஒரு துண்டு பிய்த்து எண்ணெயில் தோய்த்து என் மனைவியின் வாயிலேயே வைத்தார்.

"உப்பே இல்லைங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு, அடுத்த துண்டுக்கு வாயைத் திறந்தாள்.