ஹெட்செட் மாட்டிக்கொண்டவர்

அவர் பெயரை நான் கேட்கவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் நான் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் கடைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், நரைத்த மீசை, சட்டைப் பையில் பட்டு நூல் துண்டுகள். இதுவரை கிராஃப் தாளில் சேலைக்கு டிசைன் போட்டவர். இதுதான் முதல் கம்ப்யூட்டர். ஒவ்வொரு மானிட்டரிலும் ஒரு நிறத்தைக் காட்டச் சொல்லி, அதே நிற நூலைத் திரையில் வைத்துப் பார்த்தார். பெரிய மானிட்டரில் மட்டும்தான் அரக்குச் சிவப்பு ஒத்துவந்தது.

கேமும் ஓட வேண்டும் என்றார். பட்ஜெட் இடித்தது.

"கிராபிக்ஸ் கார்டை விட்டுடலாம்ண்ணா. டிசைனுக்கு அது இல்லாமலே ஓடும்."

"மானிட்டர் சின்னதாவே குடுப்பா, அரக்க நான் நூல வெச்சு பாத்துக்கிறேன். கேம் ஓடணும். அதுல நாலு பேரு பேசிக்கினே ஆடுறாங்களாமே."

எல்லாம் பூட்டியபின் ஹெட்செட்டை அவர் காதில் மாட்டினேன். மைக்கைச் சோதிக்க, பேசுவது அவர் காதுக்கே திரும்பி வரும்படி வைத்து, ஏதாவது பேசச் சொன்னேன்.

"யாராச்சும் கீறீங்களா?" என்றார்.

ஒரு நொடியில் அதே கேள்வி காதில் திரும்பி வர, அவர் முகம் மலர்ந்தது. "கீறேன்பா, சொல்லு."

அது அவர் குரல்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். போனில் பேசுகிறவரைப் போல, சற்று இரு என்று எனக்குக் கை காட்டினார்.