நாற்பத்தொன்றைப் பதினான்கு என்று எழுதினேன்

நான் பொய் எழுதினேன். ஆய்வுப் பதிவேட்டில் நாற்பத்தொன்று என்று எழுதவேண்டிய இடத்தில் பதினான்கு என்று எழுதினேன். அதனால் ஒரு மனிதர் தமது தொழிலை இழந்தார். ஏன் இழந்தார் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

கை தவறி எழுதியதல்ல. இலக்கங்களைத் திருப்பிப் போட்டால், பின்னால் யாராவது கண்டுபிடித்தாலும் தவறுதலாக மாறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பேனாவைக் கையில் எடுத்தபோதே யோசித்திருந்தேன்... தப்பிக்கும் வழியைப் பார்த்து வைத்துக்கொண்டுதான் தவறைச் செய்தேன்!

முதலில் என் வேலை என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டும்.

நான் ஓர் இரசாயனவியலாளர். பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தார். பல்கலைக்கழகம் முடித்து வந்தபோது, பதுளையில் இரும்புக்கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர் கடையின் மேல்மாடியில் எனக்கு ஓர் ஆய்வுகூடம் அமைத்துக் கொடுத்தார். டொலர் இல்லாமல் நாடு திண்டாடிய காலம் அது. வெளிநாட்டு இயந்திர எண்ணெய் வருவது நின்றுபோயிருந்தது. தேயிலைத் தோட்டங்களின் ஸ்டோர்களுக்கு, அதாவது தொழிற்சாலைகளுக்கு, இங்கேயே ஓர் எண்ணெய் செய்யமுடியுமா என்பதுதான் ஹாஜியாரின் கேள்வி.

"ஏலுமா மகள்?" என்று கேட்டார்.

"ஏலும்" என்றேன்.

மொனராகலைப் பக்கத்தில் றப்பர் விதை யாருக்கும் வேண்டாமல் மரத்தடியில் கிடந்து மக்கும். அதை மூட்டை மூட்டையாக வாங்கி எண்ணெய் பிழிந்தோம். தேயிலை ஸ்டோரில் கொழுந்தை உருட்டி நசுக்கும் ரோலர் இயந்திரத்தில் ஒரு சொட்டுக் கனிய எண்ணெய் கசிந்து கொழுந்தில் விழுந்தாலும் அந்தத் தேயிலையின் மணம் கெட்டுவிடும். தாவர எண்ணெய்க்கு அந்த ஆபத்துக் குறைவு. நல்ல யோசனைதான்... இப்போதும் அதை நல்ல யோசனை என்றே நினைக்கிறேன்.

ஆனால் றப்பர் விதை எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. காற்றுப் பட்டால் மெல்ல மெல்ல இறுகும். பலகையில் பூசினால் தோல்போலக் காய்ந்துவிடும். வர்ணப்பூச்சுக்கு அது நல்லது. சூடேறும் இயந்திரத்துக்குள் அது நஞ்சு. எண்ணெயின் மூலக்கூறுகளில் அப்படி இறுகக் காத்திருக்கும் இடங்களை ஐதரசன் பேரொட்சைட்டைச் சேர்த்து மூடிவிடவேண்டும். எத்தனை இடங்கள் மூடப்படாமல் எஞ்சியிருக்கின்றன என்று காட்டுவதுதான் அயடீன் பெறுமானம் என்கிற எண். அது இருபதுக்குக் கீழே வந்தால் மட்டுமே எண்ணெயை வெளியே அனுப்புவது என்று ஒரு விதி வைத்திருந்தோம்.

அந்த விதியை எழுதியவளும் நான்தான்!

கண்ணாடிக் குடுவையில் எல்லாம் சரியாக வந்தது. பெரிய கலனில் செய்தபோது வரவில்லை. பேரொட்சைட்டு பாதி வழியில் தீர்ந்துபோயிற்று. கொழும்பிலிருந்து அடுத்த கொள்கலன் வர இரண்டு கிழமை ஆகும் என்றார்கள். நானோ தோட்டத்து ஸ்டோர் ஒன்றுக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தேன். ரோலர் ஒன்றில் எங்கள் எண்ணெயை ஊற்றி மூன்று மாதம் ஓட்டிப் பார்ப்பது என்றும், சரிவந்தால் அந்தக் கம்பனியின் மற்றத் தோட்டங்களும் வாங்கும் என்றும் பேச்சு.

அளந்து பார்த்தேன். நாற்பத்தொன்று. மறுபடி அளந்தேன். நாற்பத்தொன்று.

என்ன நினைத்தேன் அப்போது? இவ்வளவு காலத்துக்குப் பிறகு நேர்மையாகச் சொல்ல முயல்கிறேன்... பயந்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. யாரும் என்னை மிரட்டவில்லை. லயத்துப் பிள்ளை சொன்ன நாளில் செய்து கொடுத்துவிட்டாள் என்று பேசவேண்டும் என்று ஆசைப்பட்டேன். மூன்று மாதம் தாங்கிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாங்காது என்று என் படிப்புக்குத் தெரியும்.

பதினான்கு என்று எழுதினேன். கையொப்பம் இட்டேன்.

செல்வராஜ் அண்ணனை அந்த ஸ்டோரில்தான் முதன்முதலில் பார்த்தேன். பிட்டர், இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். அந்த ஸ்டோரின் ஒவ்வொரு ரோலருக்கும் என்ன வருத்தம் என்று காதால் கேட்டே சொல்லக்கூடியவர். நான் கொண்டுபோன எண்ணெயை உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு, விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்தார்.

"மிஸ் எந்தத் தோட்டங்க?"

சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"அட, நம்ம புள்ள! சொல்லுங்க மிஸ், எப்பிடி ஊத்தணும், எப்ப மாத்தணும், எல்லாத்தையும் சொல்லுங்க. நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் எண்ணெயின் மட்டத்தையும் சூட்டையும் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் குறித்து வைத்தார். நான் கேட்டது கிழமைக்கு ஒருமுறை மட்டும்.

ஐந்தாவது கிழமையில் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மிஸ், எண்ணெ சீனிப்பாணி மாதிரி இழுக்குதுங்க. கியர்ப் பெட்டிக்குள்ள ஓரத்துல பிசினு மாதிரி ஒட்டியிருக்கு. வடிச்சிட்டுப் பழைய எண்ணெய ஊத்திறவா?"

இதோ, நான் திருந்தியிருக்கக்கூடிய இடம்! ‘வடித்துவிடுங்கள்’ என்று ஒரு சொல் போதும். ஆனால் வடித்தால் ஏன் வடித்தீர்கள் என்று கேட்பார்கள். மாதிரி எடுப்பார்கள். அளந்து பார்ப்பார்கள்...

"புது எண்ணெ அப்பிடித்தான் இருக்கும் அண்ணே. ஆரம்பத்துல கொஞ்சம் தடிக்கும். ஓடட்டும்" என்றேன். பிறகு, குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "டீமேக்கர்கிட்ட இப்ப சொல்லவேணாம். வீணாப் பயப்படுவாரு" என்றும் சொன்னேன்.

"சரிங்க மிஸ். நீங்க சொன்னாச் சரி."

பத்து நாள் கழித்து ரோலர் இறுகி நின்றது. பேரிங் கருகி, தண்டு முறிந்தது. மழைக்குப் பிறகு கொழுந்து குவிகிற நாட்கள். ஒரு ரோலர் நின்றதால் வாடிய கொழுந்து தேங்கிப் புளித்து, ஒரு நாள் கொழுந்து முழுவதையும் வெளியே கொட்டினார்கள். நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. இந்த ‘நல்லவேளை’யை நான் எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் தெரியுமா!

டீமேக்கரின் அறையில் விசாரணை நடந்தது. தொழிற்சாலைக்குப் பொறுப்பானவர் அவர்தான். தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையும் வந்திருந்தார். என்னை நிபுணர் என்று அழைத்திருந்தார்கள். கியர்ப் பெட்டியிலிருந்து எடுத்த பிசினை ஒரு போத்தலில் போட்டு என் முன்னால் வைத்தார்கள். செல்வராஜ் அண்ணன் கதவோரம் நின்றார்.

"ஊத்தின கேனைக் கழுவினியா?" என்று டீமேக்கர் கேட்டார்.

"கழுவினேங்க சேர்."

"நல்லாக் கழுவினியா? பழைய எண்ணெ இருந்த கேன்தானே?"

"கழுவினேங்க..."

அவர் குரல் ஒரு நூல் அளவு தயங்கியது. யாரிடம் கேட்டாலும் தயங்கியிருப்பார்கள். ஆறேழு கிழமைக்கு முன்னர் கழுவிய ஒரு கேனைப் பற்றி யாரால் சத்தியம் செய்யமுடியும்?

அந்தத் தயக்கத்துக்குள் நான் நுழைந்தேன்.

"கேனுல கொஞ்சம் பழைய எண்ணெ தங்கியிருந்தாக்கூட இப்பிடி ஆகலாம்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் இதை எப்போதோ மறந்திருப்பேன். கற்றுக்கொள்ள விரும்பும் ஒருவர்போலப் பார்த்தார்.

"அப்பிடியும் ஆகுமா மிஸ்?"

"ஆகலாம் அண்ணே."

ஆகாது. அவ்வளவு சிறிய கலப்பால் அப்படி ஆகவே ஆகாது. பிசினைப் பதுளைக்குக் கொண்டுவந்து சோதித்ததாக அறிக்கை எழுதினேன். போத்தலின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. ‘வேறு எண்ணெய் கலந்ததற்கான சாத்தியம் அதிகம்’ என்று ஒரு வாக்கியம்... அது போதுமாக இருந்தது.

தொலைபேசியில் என்னை எச்சரித்ததை அவர் அந்த அறையில் சொல்லவில்லை. சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லவில்லை. கொப்பியையும் எடுத்து நீட்டவில்லை.

அவரை ஸ்டோரிலிருந்து எடுத்து மலைக்கு, தேயிலைச் செடிகளுக்கிடையே கூலிவேலைக்கு, அனுப்பினார்கள். இருபது வருடங்களுக்கு மேலாக இயந்திரங்களோடு இருந்தவர், காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, புல்வெட்டப் போனார்.

பேரொட்சைட்டு சொன்ன இரண்டு கிழமையிலேயே வந்திருந்தது. அடுத்த மாதம் எண்ணெயை முறையாகச் செய்தேன். ஹாஜியார் தோட்டக் கம்பனியிடம் நேரில் போய்ப் பேசி இன்னொரு வாய்ப்பு வாங்கிவந்தார். இம்முறை ஒன்றும் இறுகவில்லை. இன்று ஊவா மாகாணத்தில் பல ஸ்டோர்களில் எங்கள் எண்ணெய் ஓடுகிறது. இதே எண்ணெயிலிருந்து கிரீஸ் செய்கிறோம், மரத்துக்கான பூச்சும் செய்கிறோம். எனக்குக் கீழே நான்கு பேர் வேலை செய்கிறார்கள்.

ஒருநாள் கிரீஸ் கலவையொன்று பிழையாகிப்போய், தயங்கித் தயங்கி ஹாஜியாரிடம் போய், கொடுத்த நாளில் முடியாது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்:

"ரெண்டு கிழமை பிந்தினா என்ன மகள்? சாமான் சரியா ஈக்கோணும். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான்! அன்றும் இதையே சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை.

செல்வராஜ் அண்ணனை மூன்று வருடம் நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க ஏற்பாடு செய்துகொண்டேன் என்பதே சரி. அந்த ஸ்டோருக்கு என் உதவியாளரை அனுப்பினேன். பிறகு பெரகல சந்தியில், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, பின்னாலிருந்து குரல் கேட்டது.

"மிஸ்... நம்மள ஞாபகம் இருக்குங்களா?"

மெலிந்திருந்தார். கைகளில் தேயிலைக் கிளை கீறிய கோடுகள். நலம் விசாரித்தேன். அவர் ஏதோ சொல்ல நினைத்துத் தடுமாறுவது தெரிந்தது. வந்துவிட்டது என்று நினைத்தேன். கேட்கட்டும், ஒப்புக்கொள்வோம்... உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"ரொம்ப நாளா ஒங்களப் பாத்து ஒண்ணு சொல்லணும்னு இருந்தேங்க மிஸ். யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். அந்தக் கேன நான் சரியாக் கழுவலதான் போல. நம்ம ஆளுங்கள்ல மொத மொதல்ல இந்த வேலைக்கி வந்த புள்ள நீங்க. ஒங்க பேருக்குக் கெட்டது வந்திரக் கூடாதுன்னுதான் அன்னைக்கி வேற ஒண்ணும் பேசல. ஆனா தப்பு எம்மேலதான். மன்னிச்சிருங்க மிஸ்."

பஸ் வந்து நின்றது. பண்டாரவளை, பண்டாரவளை என்று கத்தினார்கள்.

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்?

"பரவாயில்ல அண்ணே" என்றேன்.

அவர் முகத்தில் எவ்வளவு நிம்மதி! கையெடுத்துக் கும்பிட்டார். நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

முதல் பொய்யை என் பெருமைக்காகச் சொன்னேன், இரண்டாவதை என்னைக் காத்துக்கொள்ள. இந்தப் ‘பரவாயில்லை’யை எதற்காகச் சொன்னேன்? பொய்யில்லாத ஒரு மனிதரை அவருடைய ஞாபகத்தையே சந்தேகிக்க வைத்தேன். பிறகு, அவர் செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பும் வழங்கினேன்!

சென்ற மாதம் அவருடைய லயத்துக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக் கைப்பைக்குள் வைத்திருந்தேன். என்னைக் கண்டதும் அவருடைய மனைவி அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி, "மிஸ் வந்திருக்காங்க!" என்றார். கதிரையைத் துடைத்துப் போட்டார்கள். செல்வராஜ் அண்ணன் தானே தேநீர் ஊற்றுவதாகச் சொல்லி அடுப்படிக்குப் போனார்.

தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி ஓடியது. மறுபடி.

அவருடைய மனைவி என் பக்கம் குனிந்து, சிரித்துக்கொண்டே சொன்னார்: "வெளங்காத பழக்கங்க மிஸ். ஸ்டோர விட்டு வந்ததுலருந்து இப்பிடித்தான். ஒரு டம்ளரக்கூட நாலஞ்சு தடவ கழுவுவாரு. கழுவிட்டு வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாரு. பெறகும் கழுவுவாரு."

நான் எழுந்து அடுப்படி வாசல்வரை போனேன். அவர் முதுகைக் காட்டியபடி நின்று, டம்ளரைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லவேண்டிய நேரம் அதுதான். வாயைத் திறந்தேன் என்றுகூட நினைக்கிறேன்...

அவருடைய நிம்மதியைக் கெடுப்பானேன் என்று ஓர் எண்ணம் வந்தது. எவ்வளவு வசதியான எண்ணம்! எந்த நிம்மதி? என் கண்முன்னால் நிற்பதா நிம்மதி?

கதிரைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

அவர் தேநீரைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினார். "பாருங்க மிஸ், சுத்தமா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு அண்ணே" என்று சொல்லி வாங்கிக் குடித்தேன்.