பட்டுத் திரை போட்ட கக்கூஸ்

போன வாரம் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறக் கக்கூசை இடித்தார்கள். அன்றைக்கு நாங்கள் யாரும் வீட்டில் இருக்க மாட்டோம், இடிக்கும்போது வீட்டு ஆள் ஒருத்தர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கஸ்தூரி அக்கா போன் செய்தாள். எதற்கு என்று தெரியவில்லை. கக்கூசுக்குத் துணையா, இடிக்கிறவருக்குத் துணையா என்றும் கேட்கவில்லை. காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டைக்குப் பஸ் ஏறிப் போய் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். பயந்த மாதிரி நாற்றம் ஒன்றும் இல்லை. பழைய சுண்ணாம்பும் ஈரச் செங்கல்லும் சேர்ந்த வாசனைதான். கதவு நிலையைப் பெயர்த்தபோது அதன் பின்னால் பூச்சுக்குள் புதைந்திருந்த இரண்டு இரும்புக் கொக்கிகள் வெளியே வந்தன. இடிக்கிறவர் ஒன்றை என் கையில் கொடுத்து, நிலைக்குப் பின்னால் இது எதற்கு என்றார். திரை மாட்ட என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு அவர் வேலை கெட்டிருக்கும். உங்களுக்கு அவசரம் இல்லையென்றால் சொல்கிறேன்.

அக்காவைச் செவிலிமேட்டில் கொடுத்திருந்தோம். மாமா வீடு புதிய வீடு. சிமெண்டுத் தரை, குழாய், எல்லாவற்றுக்கும் மேலாகத் தகரக் கதவு போட்ட கக்கூஸ். அக்கா கல்யாணமாகிப் போன முதல் மாதம் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தையும் கக்கூசைப் பற்றி ஒன்பது வார்த்தையும் பேசினாள். எங்கள் வீட்டில் அது இல்லை. எங்கள் தெருவிலேயே இல்லை. விடிவதற்கு முன்னால் சொம்போடு ஏரிக்கரைக்குப் போவோம். நிலா வெளிச்சம் அதிகமாக இருந்தால் திட்டிக்கொண்டே போவோம். நிலவைத் திட்டுகிற பெண்களைப் பற்றி யாரும் கவிதை எழுதியதாகத் தெரியவில்லை.

அப்போது நான் பிளஸ் டூ முடித்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஊரார் பத்திரமெல்லாம் என் கை வழியாகப் போனதால் நானே ஒரு சின்ன அதிகாரி என்று நினைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்த்துவிட்டு வருவேன். அவளுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு அம்மா வீட்டுக்கு அழைத்து வருவது என்று பேச்சு. அதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது, மாமியார் காதில் விழாமல் என்னிடம் சொன்னாள்.

"இந்த வயித்த வச்சிக்கினு ஏரிக்கரைக்கெல்லாம் என்னால வர முடியாதுடி. அங்க ஒன்னு கட்டுனா வரேன். இல்லன்னா இங்கியே பெத்துக்கிறேன்னு அம்மாகிட்ட சொல்லு."

அப்படியே போய்ச் சொன்னேன். அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை. முறம் மட்டும் கொஞ்சம் வேகமாக ஆடியது. பிறந்த வீட்டில் பிள்ளை பெற மகள் வரமாட்டேன் என்றால் ஊர் என்ன சொல்லும் என்பது ஒரு பக்கம். அம்மாவுக்கு அதைவிடப் பெரியது வேறு. முதல் பிள்ளையைக் கையில் வாங்கப்போவது தானா, சம்பந்தியம்மாவா என்பது. சுக்கு, மஞ்சள், பழைய வேட்டித் துணி எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்துவிட்டிருந்தாள். அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "கட்டிடலாம்" என்றாள், கோயில் கட்டுவதைப் போல.

அப்பா பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அந்த வாரம் ஊரில் என்ன நிறத்தில் புடவை நெய்கிறார்கள் என்பதை அவர் கையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பீங்கான் கோப்பையைக் கடையில் வாங்கி சைக்கிள் கேரியரில் கட்டி, மேலே துண்டைப் போர்த்தி, ராஜவீதி வழியாகவே தள்ளிக்கொண்டு வந்தார். துண்டு போர்த்தியதால்தான் எல்லோரும் பார்த்தார்கள். நான் என் பங்குக்கு, வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தேன். அதில் ரோட்டைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல் இருந்தது. ஏழுமலை மேஸ்திரி அதை மரியாதையாக வாங்கி, அதிலேயே வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

குழி தோண்டி சிமெண்டு உறை இறக்கியாகிவிட்டது. சுவர் இடுப்பு உயரம் வந்துவிட்டது. அப்போதுதான் அம்மாவுக்கு அந்த நினைப்பு வந்தது. வீட்டில் வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும்போது வாசல் நிலை வைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் இதை யாரும் மீற மாட்டார்கள். வைத்தால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். எப்படி ஆகாது என்று சொல்ல மாட்டார்கள், அதனால் பயம் இன்னும் அதிகம். மேஸ்திரியின் கரண்டி அப்படியே நின்றது.

கட்டிக்கொடுத்த பெண் இன்னொரு வீட்டுக்காரிதானே, அவள் வயிறு நம் கணக்கில் வராது என்று அப்பா ஒரு வழி சொன்னார். அப்படியானால் பிரசவத்தையும் அவர்கள் கணக்கிலேயே விட்டுவிடலாமா என்று அம்மா கேட்டாள். அப்பா கை கழுவப் போய்விட்டார். எங்கள் அப்பா பதில் இல்லாதபோதெல்லாம் கை கழுவப் போவார். அந்தக் கை என்றைக்கும் வெளுத்ததில்லை என்பது வேறு.

தீர்ப்புச் சொன்னவர் மேஸ்திரி. "நிலை வச்சாத்தாம்மா வூடு. நிலை இல்லன்னா அது வெறும் நாலு செவுரு. புள்ள பொறக்கட்டும், வந்து நிலை வச்சித் தரேன்." அம்மா தலையாட்டினாள். இப்படியாக, எல்லாச் சாஸ்திரத்துக்கும் கட்டுப்பட்டு, கதவில்லாத கக்கூஸ் ஒன்று எங்கள் கொல்லையில் எழுந்தது. வாசலுக்கு இரண்டு பக்கமும் கொக்கி அடித்துக் கொடுத்தார். திரை எங்கள் பொறுப்பு.

முதலில் அப்பாவின் வேட்டியை மாட்டினோம். கூரைக்கும் பின்சுவருக்கும் நடுவே மேஸ்திரி விட்டிருந்த சந்து வழியாகக் காலை வெயில் உள்ளே இறங்கியதும், நான் உட்கார்ந்திருப்பது தோல்பொம்மைக் கூத்தைப் போல வெளியே தெரிந்ததாம். அம்மா கொல்லையிலிருந்தே சொன்னாள். அடுத்து சாக்கு. அது மிளகாய் மூட்டைச் சாக்கு. உள்ளே போனவர் தும்மிக்கொண்டே இருந்தார். ஆள் இருப்பது ஊருக்கே தெரிந்தது. இப்போது சிரிக்கிறேன். அன்றைக்கு அம்மாவின் முகத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. வளைகாப்பு நெருங்கிவிட்டது, திரை இல்லை.

வீட்டில் கனமான துணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பட்டு ஊருக்குப் பக்கத்தில் இருந்தாலும் எங்கள் வீட்டுப் பெண்கள் பட்டு கட்டியது கிடையாது. அக்கா கல்யாணத்துக்கே கைத்தறிச் சேலைதான். ஆனால் பரண்மேல் ஒரு பட்டுப்புடவை இருந்தது. சில வருடங்களுக்கு முன், ஒரே புடவைக்கு குறுக்கே ஓடுகிற அரக்கு நிற ஊடை நூலை அப்பா இரண்டு தடவையாகச் சாயத்தில் போட்டிருக்கிறார். இரண்டாவது ஈடு கொஞ்சம் வெளுத்துவிட்டது. தறிக்காரர் கரண்டு இல்லாத நாட்களில் நெய்ததால் பார்க்கவில்லை. தறியிலிருந்து அறுத்து வெயிலில் விரித்தபோதுதான் பாதிப் புடவை ஒரு அரக்கு, மீதி வேறு அரக்கு, நடுவில் கோடு கிழித்த மாதிரி தெரிந்தது. முதலாளி திட்டவில்லை. மடித்துக் கையில் கொடுத்து, "நீயே வச்சிக்கப்பா" என்றார். திட்டியிருந்தால் அப்பா மறந்திருப்பார்.

அதை அம்மா கட்டவே கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். காஞ்சிபுரத்துப் பெண்கள் முதலில் புடவையைப் பார்ப்பார்கள், பிறகுதான் முகத்தைப் பார்ப்பார்கள். யார் போட்ட சாயம் என்று கேட்டால் தலையை எங்கே வைத்துக்கொள்வது? அம்மாவும் கட்டவில்லை. பொங்கலுக்குப் பரண் துடைக்கும்போது மட்டும் அதை எடுத்து, பிரித்துப் பார்த்து, திரும்ப மடித்து வைப்பாள்.

வளைகாப்புக்கு இரண்டு நாள் முன்னால் அப்பா வேலையிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தினார். கொல்லையில் பட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஜரிகைக் கரை இரண்டு பக்கமும், முந்தி மேலே. பட்டுக்கு ஒரு கனம் உண்டு. சின்னக் காற்றுக்கெல்லாம் அசையாது. நேராக விழுந்து, சுவாமிக்குத் திரை போட்ட மாதிரி நின்றது. கோடு சரியாக இடுப்பு உயரத்தில்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கட்டிக்கக் கூடாதுன்னுதான சொன்னீங்க. தொங்கவுடக் கூடாதுன்னு சொல்லலியே."

அப்பா கை கழுவப் போனார்.

அக்கா இரண்டு கை நிறைய வளையலோடு வந்து இறங்கினாள். ஆரத்தி எடுத்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராகக் கொல்லைக்குப் போனாள். நாங்கள் மூன்று பேரும் பின்னாலேயே போய், வேறு எதையோ பார்ப்பது போல நின்றோம். திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பிறகு வெளியே வந்து, "உள்ள ஜில்லுனு இருக்குதும்மா" என்றாள். திரையைத் தொட்டுப் பார்த்தாள். புரிந்துவிட்டது. அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அம்மா, போ, போய்ச் சாப்பிடு என்று விரட்டினாள். எனக்கும் அழுகை வந்தது. கக்கூஸ் வாசலில் நின்று அழுகிறோமே என்று அடக்கிக்கொண்டேன்.

அதன் பிறகு தாழ்ப்பாள் இல்லாத பிரச்சினையும் தீர்ந்தது. அக்கா உள்ளே இருந்தால் வளையல் சத்தம். நான் இருந்தால் பாட்டு. அம்மா இருந்தால் அங்கிருந்தே வீட்டு வேலை ஏவுவாள். அப்பா மட்டும் பல நாள் ஏரிக்கரையை விடவில்லை. தன் தப்பைத் தானே விலக்கிக்கொண்டு உள்ளே போக அவருக்கு மனசு வரவில்லை. ஒரு மழைநாளில் வேறு வழியில்லாமல் போனார். போனவர் ரொம்ப நேரம் வரவில்லை. பிறகு அதுவே பழக்கமாகி, கை கழுவப் போகிற மனிதர் கக்கூசுக்குப் போக ஆரம்பித்தார். யாராவது அவரைப் புகழ்ந்தால் போவார். கேள்வி கேட்டால் போவார். ஆஸ்பத்திரியில் பெண் பிறந்து, அம்மாதான் முதலில் கையில் வாங்கினாள் என்று நான் ஓடி வந்து சொன்னபோது, சரி என்று சொல்லிவிட்டுப் போனார். திரைக்குப் பின்னால் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

குழந்தையைப் பார்க்க வந்த சம்பந்தியம்மா கொல்லைக்குப் போய்விட்டு வந்து, முகம் துடைத்து, நெடுநேரம் கழித்து அம்மாவிடம், "எங்க வூட்ல வெறும் தகரம்தான்" என்றார். அம்மா அந்த ஒரு வார்த்தையை வருடக்கணக்கில் வைத்திருந்தாள்.

பிள்ளை பிறந்து முப்பது நாள் கழிந்ததும் மேஸ்திரி சொன்னபடி வந்து, கொக்கிகளின் மேலேயே நிலை வைத்துக் கதவு போட்டார். அம்மா புடவையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்தாள். அப்பாவே மடித்துப் பரணில் வைத்தார். அவர் இருந்தவரை அம்மா அதைக் கட்டவில்லை. அவர் போன பிறகு கட்டுவதற்கில்லை என்று சொல்லிவிட்டாள்.

இப்போது அக்காவும் மாமாவும் அம்மாவோடு ஐயம்பேட்டை வீட்டில்தான் இருக்கிறார்கள். அன்றைக்குப் பிறந்த நிவேதாவுக்கு இது ஏழாம் மாதம். பிறந்த வீட்டுக்கு வர அவளும் ஒரு நிபந்தனை போட்டாள்: வீட்டுக்குள்ளேயே, வெஸ்டர்ன். பைபர் கதவுக்கு வைக்கிற நிலை சாஸ்திரக் கணக்கில் வராது என்று புது மேஸ்திரி அம்மாவுக்கு உறுதி சொன்னார். கொல்லையில் இருந்ததை இடித்து, குழியை மூடி, இப்போது அங்கே மாமாவின் பைக் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை ஐயம்பேட்டை வீட்டிலேயே வளைகாப்பு நடந்தது. நிவேதா பரணில் எதையோ தேடப்போய் அந்தப் புடவையைக் கண்டுபிடித்து, அதையேதான் கட்டுவேன் என்று உட்கார்ந்துவிட்டாள். கோடு சரியாக மடியில் விழுந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி புடவையைத் தொட்டு, "டபுள் ஷேடா? இப்ப இதானே ட்ரெண்டு. எந்தக் கடைமா?" என்று கேட்டாள். அக்காவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கடையில வாங்கல. எங்க வூட்டுக்காரரு போட்ட சாயம்."

அப்பா இருந்திருந்தால் எழுந்து கொல்லைப் பக்கம் போயிருப்பார். போய் உட்கார அங்கே இப்போது இடம் இல்லை.