துரை காரின் மூளையும் என் சோல்டரிங் அயனும்

கார் பட்டறைத் தொழிலில் வண்டி ஓடினால் புகழ் சாமிக்கு, நின்றால் பழி பட்டறைக்கு. இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கும், பழைய காரை வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கும் இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் புருஷன் பட்டறையில் பெண்டாட்டியும் வேலை பார்த்தால், புகழ் புருஷனுக்குப் போகும், பழி அவளுக்கு வரும். இது உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

என் வீட்டுக்காரர் மாணிக்கத்தின் பட்டறை மலேசியாவில், ஈப்போ நகரத்தில், புந்தோங் பக்கம் இருந்தது. நான் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் ரேடியோ போர்டுகளுக்கு ஈயம் வைத்தவள். எண்பதுகளின் நடுவில் ஃபேக்டரியில் ஆள் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். சும்மா உட்கார எனக்கு வராது. சொந்தக் காசில் வாங்கிய சோல்டரிங் அயனோடு பட்டறை மூலையில் மேசை போட்டேன். கார் ரேடியோ, மீட்டர், வயர் எல்லாம் என் கைக்கு வந்தன. வண்டியோடு வந்தவர்கள் மட்டும் என்னைப் பார்த்தால் தே ஓ, அதாவது பால் இல்லாத டீ, கேட்டார்கள். நானும் பட்டறை ஆள்தான் என்று யாராவது ஒருத்தர் வாய் திறந்து சொல்ல வேண்டும், அதுதான் அப்போது என் ஆசை.

சீட்டுக்கு அடியில் மூளை

ஒரு நாள் ஒரு பச்சைக் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கோப்பெங் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை ஓட்டிய கார் அது. செம்மண் சாலையில் அது வந்தால் நாங்கள் ஓரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கி நிற்போம். துரைக்குப் பக்கத்தில் தோட்டத்துக் கணக்கு எழுதும் பெரிய கிராணியார் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார். தோட்டம் கைமாறி துரை ஊருக்குப் போனபோது காரைக் கிராணியாரே வாங்கிக்கொண்டார். வேலையை விட்டு ஈப்போவுக்குக் குடிவந்த பிறகும் அவர் வாயில் அது ‘துரை கார்’தான்.

மாணிக்கம் பானட்டைத் திறந்து கார்புரேட்டரைத் தேடினார். அந்தக் காரில் கார்புரேட்டரே கிடையாது. எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று பார்த்து விடுவது ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. இதற்கு முன் பார்த்த பட்டறைகளில் பிளக், பேட்டரி, பம்பு என்று மாற்றாத சாமான் இல்லை. நான் முன்சீட்டைக் கழற்றிக் கம்பளத்தைத் தூக்கினேன். பெட்டி ஈரத்தில் கிடந்தது. கிராணியார் ஓயாமல் மழை பெய்யும் தைப்பிங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மழைத் தண்ணீர் முன்கண்ணாடி ரப்பர் வழியே இறங்கி அங்கே தேங்கியிருக்கிறது. உள்ளே போர்டு பச்சை பூத்து, செம்புக் கோடுகள் அரித்துப் போயிருந்தன. ஈயம் வைத்தாலும் பிழைக்காது, பெட்டியையே மாற்ற வேண்டும் என்றேன். “இத்தன வருசமும் இந்த மூளை மேலதான் ஒக்காந்து வந்திருக்கீங்க ஐயா” என்றும் சொல்லிவைத்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. மாணிக்கத்திடம் கேட்டார்: “ஏம்பா, இது தோட்டத்துல எட்டாம் லயத்து வீட்டுப் புள்ளைல்ல? இதுக்கு என்ன தெரியும்? நீ பாத்துச் சொல்லு!”

மேசைக் காலுக்கு முட்டு

மாற்றுப் பெட்டி தேடி, மெங்லெம்பு பக்கம் பழைய கார் உடைக்கிற கடைக்கு நானே மோட்டார் சைக்கிளில் போனேன். கடை முதலாளி, சீனத் தவுக்கே, ஒரு காலத்தில் தோட்டம் தோட்டமாக மீன் விற்றவர், நன்றாகத் தமிழ் பேசுவார். அச்சு அசலாக அதே பெட்டி ஒன்றைத் தூக்கிக் கொடுத்து, எல்லாம் ஒன்றுதான் என்றார். மேலே பொறித்திருந்த நம்பரில் கடைசி எழுத்து வேறு. ஃபேக்டரிக்காரியிடமா இந்த வேலை? தகரம் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே இருக்கும் சாமான் வேறாக இருக்கும். அதை மாட்டினால் வண்டி பெட்ரோலைக் குடம் குடமாகக் குடித்துக் கரும்புகை கக்கும். வேண்டாம் என்றேன். இன்னொன்றைக் கொடுத்தார். அதுவும் வேறு.

கடையை ஒரு சுற்றுச் சுற்றினேன். தவுக்கே சாப்பிடும் மேசை ஒரு பக்கம் எதன் மேலோ நின்றுகொண்டிருந்தது. குனிந்து பார்த்தால், நான் தேடிய அதே நம்பர்! கோப்பிக் குவளையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு, பெட்டியை உருவினேன். மூடியைக் கழற்றி, போர்டு சுத்தமாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் வாங்கினேன். மேசைக்கு வேறு முட்டுத் தேடிக்கொண்டே தவுக்கே சொன்னார்: “அக்கா, அடுத்தவாட்டி நீ வராதலா. ஒன் புருசன அனுப்பு. அவன் நான் எது குடுத்தாலும் எடுத்துக்கிட்டுப் போவான்!”

ராசியான கை

முதலில் கண்ணாடி ரப்பரை மாற்றி ஒழுக்கை அடைத்தேன். பேட்டரி வயரைக் கழற்றினேன். பெரிய பிளக்கின் ஊசிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் புதுப் பெட்டியைச் சொருகினேன். கிராணியார் குடையை ஊன்றி என் தலைமாட்டிலேயே நின்றுகொண்டு, “மாணிக்கம் வரட்டும், மாணிக்கம் வரட்டும்” என்று மந்திரம் ஜெபித்தார். மாணிக்கமோ தெருமுனை மாமாக் கடைக்குத் தே வாங்கப் போயிருந்தார்.

பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. அவ்வளவு சீரான சத்தம். சின்ன வயதில் கானில் நின்றுகொண்டு கேட்ட அதே சத்தம். பெருமை தாங்காமல் ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து மாணிக்கம் தே பொட்டலங்களோடு உள்ளே நுழைந்தார். கிராணியார் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் தே தரையில் சிந்தியது. “மாணிக்கம், ஒன் கை ராசிக் கைப்பா!”

வரிசையில் இல்லாத சாமான்

அந்த வருஷம் ஆயுத பூசைக்குப் பட்டறையைக் கழுவிக் கோலம் போட்டேன். மாணிக்கம் சாமான்களை வரிசையாக அடுக்கினார். ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல், டயருக்குக் காற்றடிக்கும் பம்பு, பிடி உடைந்த ரம்பம் கூட இருந்தது. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். என் சோல்டரிங் அயன் மட்டும் மூலை மேசையில் கிடந்தது.

பூசை முடியட்டும் என்று பொறுத்திருந்து, அது ஏன் இல்லை என்று கேட்டேன். மாணிக்கம் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் வலித்தது. பொரிகடலையை மென்றுகொண்டே சொன்னார்: “அது ஒன் ஃபேக்டரி சாமான்லா. பட்டறைச் சாமானா அது?”

காருக்குக் காமாலை

மறுநாள் காலையில் துரை கார் மறுபடியும் கயிற்றில் வந்தது. கிராணியார் முகம் சிவந்திருந்தது. வீட்டில் காருக்கு ஆயுத பூசை போட்டுக் கோயிலுக்குக் கிளம்பியவரை வண்டி வாசலிலேயே விட்டுவிட்டதாம். “பொம்பள கை வச்ச வண்டி இப்படித்தான் நிக்கும்” என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பழி வழி தெரிந்து என்னிடம் வந்துவிட்டது.

சீட்டைத் தூக்கிப் பெட்டியைக் கழற்றி, அவர் செருப்புக்கு நேராகக் கவிழ்த்தேன். மஞ்சள் தண்ணீர் கொட்டியது. வண்டிக்கு வெளியே தெளித்தது போதாதென்று உள்ளேயும் குடத்தோடு ஊற்றிப் புனிதப்படுத்தியிருக்கிறார் மனிதர். காருக்குக் காமாலை ஐயா என்றேன். மாணிக்கம் சிரிப்பை அடக்க டயர் அடுக்குக்குப் பின்னால் போய்விட்டார்.

ஆனால் சிரிக்க எனக்கு நேரமில்லை. இது செத்தால் இன்னொரு பெட்டி கிடைக்காது. பெட்டியை மாற்றினால் ஓடும் என்று நான் சொன்ன சொல்லும் அன்றோடு போய்விடும். ஸ்பிரிட்டில் கழுவி, மேசைக் காற்றாடிக்கு முன்னால் காயவைத்து, சந்தேகமான இடங்களுக்கெல்லாம் மறுபடி ஈயம் வைத்தேன். கிராணியார் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலையை ஒருத்தர் உட்கார்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. மாலையில் வண்டி ஓடியது. பெட்டிக்கு இரும்புக் கால் அடித்து, தரையில் படாமல் உயர்த்தி மாட்டிக் கொடுத்தேன். கிளம்பும்போது கிராணியார் கேட்டார்: “ஏம்மா, அடுத்த வருசம் மஞ்சத் தண்ணி எதுவரைக்கும் தெளிக்கலாம்? நீயே சொல்லிடு.”

சூடத்துக்கு முன்

அடுத்த ஆயுத பூசைக்குத் துரை கார் தானாகவே ஓடி வந்தது. இந்த முறை பூசை எங்கள் பட்டறையிலேயே என்று கிராணியார் முடிவு செய்திருந்தார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, சாமான் வரிசை முன்னால் வந்து நின்றார். போன வருஷம் பட்டது போதும் என்று நான் எதையும் கேட்கவில்லை. சூடத்தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

மாணிக்கம் தீப்பெட்டியை எடுத்தார். கிராணியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கு எடுக்கும்போது பார்ப்பாரே, அதே பார்வை. பிறகு என் மூலை மேசையைக் காட்டினார். மாணிக்கத்துக்கு விஷயம் புரிந்து முகம் மாறிவிட்டது. ஓடிப்போய்ச் சோல்டரிங் அயனை எடுத்துத் தன் சட்டையிலேயே துடைத்தார். ஜாக்கியைத் தள்ளிவிட்டு நட்ட நடுவில் வைத்தார். சந்தனத்தை அவரே குழைத்துப் பூசினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. புகை என்றெல்லாம் சாக்குச் சொல்ல மாட்டேன், சூடம் இன்னும் ஏற்றவில்லை. கிராணியார் என் கையிலிருந்த தட்டை வாங்கி மாணிக்கத்திடம் கொடுத்தார்: “நீ முன்னால வாம்மா. பட்டறை ஃபோர்மனே பின்னால நின்னா பூசை எப்படி நடக்கும்?”

பழைய காரில் மூளையை மாற்றுவது அரை நாள் வேலை, மனுஷர்களுக்குத்தான் ஓர் ஆயுத பூசையிலிருந்து மறு ஆயுத பூசை வரை பிடிக்கிறது.