நெலத்துல வைக்கச் சொன்ன சீட்டு

இன்னைக்கு க்ளினிக்ல பக்கத்துல இருந்த அக்கா ஒரு வார்த்தை சொன்னாங்க...

"நாங்க அந்த பேபி சீட்ட மேசை மேலதான் வைக்கிறது. தரை ஐஸ் மாதிரி குளிருதே, கீழ வைக்க மனசு வருமா?"

அப்படி வைக்காதீங்கன்னு சொல்லத் திரும்பினேன்.

அதுக்குள்ள அவங்க நம்பர கூப்பிட்டாங்க. புள்ளைய தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டாங்க.

அதனால மூணு வாரமா எங்க அம்மாவுக்குக் கூட சொல்லாத விஷயத்த இங்க எழுதுறேன். திட்டுறவங்க திட்டுங்க.

எங்க ஜெனிக்கு ஆறு மாசம் முடிஞ்சு சாப்பாடு குடுக்க ஆரம்பிச்ச நேரம். மடியில வச்சு ஊட்டினா பாதி சோறு என் சட்டையில. (மீதி அவ தலையில!)

சரின்னு மாத்தளை டவுனுக்குப் போய் ஒரு ஃப்ளோர் சீட் வாங்கினேன். மெத்துன்னு இருக்கும், காலு விட ரெண்டு ஓட்ட, முன்னால ஒரு பெல்ட்டு.

கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மார நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம்) நல்ல மனுசன். காச வாங்குறதுக்கு முந்தியே ஒரு கேள்வி கேட்டாரு.

"தங்கச்சி, புள்ளைக்கு கழுத்து நல்லா நின்னுட்டா? தலை ஆடுதுன்டா இப்ப வாங்காதீங்க. இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க."

"நின்னுடுச்சு நானா. புடிச்சா உக்காருறா."

"அப்ப சரி. ஆனா இத கீழ நெலத்துலதான் வைக்கணும். மேசை, கட்டில் ஒன்னுலயும் வைக்கப்படாது."

அப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"தோட்டத்து லயத்துல இருக்கிற எங்களுக்கு சொந்தமா ஏது நானா நெலம்?"

அவரும் சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். நல்ல ஜோக்கு அடிச்சிட்டேன்னு இரத்தோட்டை பஸ்ல வர்ற வரைக்கும் எனக்கு ஒரே பெரும.

அவர் சொன்ன விஷயம் அந்த சிரிப்போட போயிருச்சு.

வீட்டுக்கு வந்து தரையில கைய வச்சுப் பாத்தேன். மழை நாள், சிமெந்து தரை, சில்லுன்னு இருந்துச்சு. டவுன்ல இருக்கிறவருக்கு எங்க மலைக் குளிர் எங்க தெரியப் போகுதுன்னு நெனச்சேன்.

தூக்கி மேசை மேல வச்சேன்.

வீட்டுக்காரரும் பாத்துட்டு, "நல்லாத்தான் இருக்கு, நீ சமைக்கிறத அவளும் பாக்கலாம்"ன்னாரு.

நாலு நாள் ஒன்னும் ஆகல. அதான் தைரியம் வந்திருச்சு.

அஞ்சாவது நாள் காலைல பருப்பு பொங்குச்சு. மூடிய எடுக்க ரெண்டு எட்டு வச்சேன். ரெண்டே எட்டு.

புள்ள காலால மேசைய உந்தி பின்னால சாஞ்சிருக்கா.

பெல்ட்டு போட்டிருந்தேன். அதனால சீட்டோட சேர்ந்தே விழுந்தா.

அந்த சத்தத்த எழுத எனக்கு முடியாது.

த்ரீவீல்ல ஆஸ்பத்திரிக்குப் போற வழி முழுக்க இவர் புள்ளைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு வந்தாரு. நான் செபம் சொல்லப் பாத்தேன், பாதியிலயே மறந்து மறந்து போச்சு.

டொக்டர் மிஸ் கேட்டாங்க, "எங்க இருந்து விழுந்தா?"

"கட்டில்ல இருந்து மிஸ்."

ஆமா. பொய் சொன்னேன். மேசை மேல புள்ளைய வச்சேன்னு சொல்ல அவ்வளவு வெக்கமா இருந்துச்சு.

"கட்டில் எவ்வளவு உயரம்?"

முழங்கால காட்டினேன். அவங்க எழுதினாங்க. புள்ள அழுகைய நிப்பாட்டி முழிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தா.

"கொஞ்ச நேரம் இங்க வச்சுப் பாத்துட்டு வீட்டுக்கு அனுப்பலாம்"ன்னாங்க.

இவர் என்னைய ஒரு பார்வ பாத்தாரு. காட்டிக் குடுக்கவும் இல்ல, கண்ண எடுக்கவும் இல்ல.

எப்படியாவது வீட்டுக்குப் போனா போதும்னு ஒரு மனசு. அந்தப் பேப்பர்ல இருக்கிறது என் புள்ளையோட தலைன்னு இன்னொரு மனசு.

"மிஸ்... நான் சொன்னது பொய். மேசைல இருந்து விழுந்தா. சிமெந்து தரையில."

அவங்க திட்டல. எழுதினத வெட்டிட்டு புதுசா எழுதினாங்க. உடனே வார்ட்ல சேர்க்கச் சொன்னாங்க.

வார்ட்ல நேர்ஸ் நோனா விஷயத்த கேட்டுட்டு என்கிட்ட சிங்களத்துல கேட்டாங்க, "ஏக்க பிம தியன சீட் எகக் நேத?"

நெலத்துல வைக்கிற சீட்டுதானே அதுன்னு கேக்குறாங்க. நானா சொன்ன அதே நெலம். இப்ப எனக்கு ஜோக்கு வரல.

அன்னைக்குப் பகல் ஜெனி ரெண்டு தடவ வாந்தி எடுத்தா. டொக்டர் ஓடி வந்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க. உள்ள ஒன்னும் இல்ல. மறுநாள் டிஸ்சார்ஜ் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினாங்க.

நான் பொய்ய மாத்தாம இருந்திருந்தா, அந்த வாந்திய லயத்துல இருந்து பாத்திருப்பேன். பால் ஒத்துக்கலன்னு நெனச்சிருப்பேன்.

இப்ப சீட்டு தரையிலதான். கீழ பாய், அதுக்கு மேல பழைய கம்பளி, புள்ளைக்கு சொக்ஸ். குளிருக்கு இவ்வளவுதான் வேல! சாப்பிடுற நேரம் மட்டும் உக்கார வைப்பேன். தூங்கி விழுந்தா உடனே தூக்கிருவேன். நான் எந்திரிச்சு போகணும்னா அவளும் இடுப்புல வருவா.

இவரும் நானும் கூட அவகூட தரையிலயே உக்காந்து சாப்பிடுறோம். அந்த மேசையில சாப்பிட ரெண்டு பேருக்கும் முடியல.

க்ளினிக் முடிஞ்சு அந்த அக்காவ வெளிய ஓடிப் போய் தேடினேன். பஸ் ஏறிட்டாங்க போல.

பேர் தெரியாது. இன்னைக்கு காலைல இரத்தோட்டை க்ளினிக், பச்ச சுடிதார், புள்ளைக்கு மஞ்சத் தொப்பி.

என் பதிவ ஷேர் பண்ணுங்கன்னு நான் யார்கிட்டயும் கேட்டதில்ல. இன்னைக்கு கேக்குறேன். அவங்கள தெரிஞ்சவங்க யாராவது இத காட்டுங்க.

அவங்க வீட்டு சீட்டு இப்பவும் மேசை மேலதான் இருக்கு.

அக்கா, நெலத்துல வைங்க.